மொன்ஜியாவின் வாய்

கைரவான் நகரில் மொன்ஜியாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஸல்ஹாவுக்கோ அவள்தான் உயிர்த்தோழி. ஒருநாள் ஹம்மாம் எனும் பொதுக் குளியலறையில் ஸல்ஹாவின் முதுகைத் தேய்த்துவிட்டபடியே மொன்ஜியா குரலைத் தாழ்த்தினாள்.

"உன் மக ரீமுக்குப் பார்த்திருக்கியே மாப்பிள்ளை, அவனோட மொத பொண்டாட்டி சும்மா போகலைடி. அடி தாங்காம அவனை விட்டு ஓடியிருக்கா. என் நாத்தனார் கண்ணால பார்த்தவ."

ஸல்ஹா அன்றே மகளை அழைத்துக்கொண்டு அந்த முதல் மனைவியைத் தேடிப் போனாள். அவள் சட்டைக் கையைச் சுருட்டி, ஒடிந்து கோணலாகக் கூடியிருந்த முழங்கையைக் காட்டினாள்.

மாப்பிள்ளை வீட்டார் மக்ரூத் இனிப்புத் தட்டுகளோடு நிச்சயத்துக்கு வந்தபோது, ஸல்ஹா வாசலை மறித்து நின்றாள்.

"தட்டை எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போங்க. பொண்ணு தர்றதா இல்ல."

அவர்கள் போனதும் கணவன் ஹேதி கொதித்தான். "ஒரு வம்புக்காரி பேச்சைக் கேட்டு என் மானத்தை வாங்கிட்டியே! இனிமே அவ இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது."

"மிதிப்பா. தினமும் காபிக் கடையில கூடிப் பேசுறீங்களே, அவன் பொண்டாட்டி கையை ஒடிச்சது உங்க கூட்டாளிங்களுக்குத் தெரியாதா? ஒருத்தராவது வாயைத் திறந்தாரா?"

ஸல்ஹா கதவை விரியத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி எதிர்வீட்டைக் கூப்பிட்டாள்.

"மொன்ஜியா! தேநீர் போடறேன், வாடி. ஊர்ல வேற என்ன சேதி?"