ஒற்றை நட்சத்திரத்துக்கு வந்த பதில்

கிளினிக்கின் இணையப் பக்கத்தை அம்மாவிடம் ஒப்படைத்தது புத்தி கெட்ட வேலை என்று காது மூக்கு தொண்டை டாக்டர் எத்தனையோ தடவை நொந்துகொண்டதுண்டு. அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தானே பார்த்துக்கொள்வதாகக் கேட்டார். திறக்கும் நேரமும் விடுமுறை நாளும் போடுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று இவரும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். அம்மாவோ, யார் குறை எழுதினாலும் வரிந்துகட்டிக்கொண்டு பதில் எழுதினார். நாற்காலி ஆடுகிறது என்று எழுதியவரிடம், உங்களை யார் ஆட்டச் சொன்னது என்று கேட்டிருந்தார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு அதை அழித்தார். கடவுச்சொல்லை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் அன்று முழுக்க வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே, அதை யார் சமாளிப்பது?

அன்று காலை, ஒரு குழந்தையின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது முன்பு இவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு பள்ளி வேன் ஓட்டுநர் ஃபோனில் கூப்பிட்டார்.

"சார், என்னை வண்டிய விட்டு இறக்கிட்டாங்க. உங்க கிளினிக்கோட இணையப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

பார்த்தார். ஓட்டுநர் கிளினிக்குக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். 'டாக்டர் நல்லவர். ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். ஃபேன் ஓடவில்லை.' நல்லவருக்கு ஏன் ஐயா ஒற்றை நட்சத்திரம் என்று கேட்கத் தோன்றியது. ஆனால் கீழே இருந்த பதிலைப் படித்ததும் அந்த எரிச்சலெல்லாம் பறந்துவிட்டது.

'வணக்கம். நின்றால் தரை சுற்றுகிறது, படுத்தால் கட்டில் சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த உங்களை, நேராக நடக்க வைத்து அனுப்பியவர் என் மகன். ஃபேன்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததா? இப்படிக்கு, கிளினிக் நிர்வாகம்.'

ஓட்டுநரின் பெயருக்குப் பக்கத்திலேயே, பள்ளியின் பெயர் எழுதிய வேன் முன்னால் அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அதை அப்படியே படம் பிடித்து யாரோ பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார்கள். தலை சுற்றுகிற ஆளை நம்பியா பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறோம் என்று ஆளாளுக்குக் கொதித்துவிட்டார்கள். உண்மையில் அது உள்காதில் வரும் சின்னக் கோளாறு. தலையை ஒரு முறைப்படி திருப்பிப் படுக்க வைத்தே சரிசெய்து, அதுவரை வண்டியைத் தொடவிடாமல் வைத்திருந்து, நன்றாகச் சோதித்த பிறகுதான் ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார் டாக்டர். அந்த நல்ல வேலையெல்லாம் இப்போது யாருக்குத் தெரியும்?

குழந்தையை அனுப்பிவிட்டு மாடிக்கு ஓடினார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். இவர் கத்தியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, உன் பெயரைக் கெடுத்தவனைச் சும்மா விடச் சொல்கிறாயா என்றார். அவர் பெயரை நான் எழுதவே இல்லையே, அவர்தானே எழுதியிருக்கிறார் என்று வேறு வாதாடினார். இவருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஒரு நோயாளிக்கு என்ன நோவுன்னு உனக்கு யாரும்மா சொன்னா? என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தியா?"

"நான் ஏன்டா திறக்கிறேன்? நீதானே சாப்பிடும்போது சொன்ன. ஆறடி ஆளு, வேன் ஓட்டுறவரு, என் மேஜைக் காலைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே. மறந்துட்டியா?"

டாக்டருக்கு நினைவு வந்தது. சொன்னதுதான். பெயர் சொல்லவில்லையே என்று அன்று அவரும் நினைத்திருந்தார். சொன்னதோடு நில்லாமல், கண் காது மூக்கு வைத்து நடித்தும் காட்டியிருந்தார்.

பதிலை அழித்தார், கடவுச்சொல்லையும் மாற்றினார். 'அவருக்கு இப்போது ஒன்றுமில்லை, தாராளமாக ஓட்டலாம்' என்று எழுதிவிடக் கை பரபரத்தது. பாதி எழுதியும் விட்டார். அப்புறம்தான் உறைத்தது, அதுவும் அவர் சமாச்சாரத்தை ஊருக்குச் சொல்வதுதான் என்று. அவர் என் நோயாளி என்பதைக்கூடச் சொல்ல எனக்கு என்ன உரிமை? தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மதியம் ஓட்டுநரே வந்தார், வண்டி ஓட்டலாம் என்று சான்றிதழ் கேட்டு. மனைவிக்குக்கூடத் தெரியாமல்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டாராம். பக்கத்து வீட்டுக்காரி ஃபோனில் காட்டித்தான் அவள் தெரிந்துகொண்டாளாம். டாக்டர் எதையும் மறைக்காமல், சாப்பிடும்போது உளறியது தான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். பள்ளிக்கு நேரில் வந்து பேசட்டுமா என்றும் கேட்டார்.

"பேசுன வரைக்கும் போதும் சார். எழுதி மட்டும் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். பள்ளியில் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே வேனை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கேள்விப்பட்டதும் டாக்டருக்கு உயிர் வந்தது. நேரில் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று, பள்ளி விடும் நேரத்துக்கு வாசலுக்குப் போய் நின்றார். ஓட்டுநர் ஒவ்வொரு பையாக வாங்கி வைத்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கோபமெல்லாம் காட்டவில்லை, மரியாதையாகவே பேசினார். டாக்டருக்குத் தெம்பு வந்துவிட்டது. இந்தக் கோளாறு திரும்ப வரக்கூடியதுதான், துளி சுற்றினாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உடனே தனக்கு ஃபோன் பண்ண வேண்டும் என்றார்.

ஓட்டுநர் வேனுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"வந்தா சொல்ல மாட்டேன் சார். உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், வேற டாக்டர்கிட்டயும் போக மாட்டேன். சொன்னா என்ன ஆகும்னுதான் பார்த்துட்டேனே."

ஓட்டுநர் கதவைச் சாத்தி, எல்லாரும் உட்கார்ந்தாச்சா என்று உள்ளே கேட்டுவிட்டு, வண்டியை எடுத்தார்.