யோசிக்காதேங்கோ

அந்தச் சொல்லைக் கேட்டாலே கொன்ஸ்ரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முந்தநாள் விடியற்புறம் கொட்டாஞ்சேனையில் பொலிஸ் சுற்றிவளைப்பு. அடையாள அட்டையில் வடக்கே மன்னார் விலாசம் இருந்ததற்காகச் சந்தேகப்பட்டு அவளுடைய புருஷன் ஹியூபேட்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று தொடங்கி வீடு நிறைய ஆட்கள். செத்த வீட்டுக்கு வருவதுபோலச் சீனியும் பிஸ்கற்றும் கொண்டு வந்தார்கள். குரலைத் தாழ்த்தி, ஆறுதலாக, "யோசிக்காதேங்கோ, விட்டிடுவாங்கள்" என்றார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பொலிசில் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வீட்டுச் சொந்தக்காரர் நேரில் வந்து, இவன் என் வீட்டில் குடியிருப்பவன் என்று சொல்லவேண்டும். இன்று பின்னேரத்துக்குள் வராவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுச் சொந்தக்காரர் றேமண்ட், அவளுடைய மேசைக்கு முன்னாலேயே இருந்து பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், வெளிக்கிடுங்கோவன், பொலிசுக்குப் போவம்."

"யோசிக்காதேங்கோ பிள்ளை. மாதா இருக்கிறா."

"மாதாவே வந்து சொல்லப்போறா, இவர் உங்கட வீட்டில இருக்கிறாரெண்டு?"

பக்கத்து வீட்டு மாக்ரெட் பதறினாள். "பெரிய மனுசரோட இப்பிடியே கதைக்கிறது? எல்லாம் நல்லதுக்குத்தான் கொன்ஸ்ரன்ஸ்."

"அப்ப உங்கட அவரையும் கொண்டுபோகச் சொல்லட்டே அக்கா, நல்லதுக்கு?"

கொன்ஸ்ரன்ஸ் ஒருநாளும் குரல் உயர்த்தாதவள். றேமண்டின் கையிலிருந்த கோப்பையைப் பறித்தாள். தேத்தண்ணி அவர் உடுத்திருந்த சாரத்தில் சிந்தியது.

"இனி இந்த வீட்டில தேத்தண்ணி இல்லை. யோசிக்காதேங்கோ எண்டு சொல்லுற ஆள் என்னோட பொலிசுக்கு வரவேணும்!"

கதிரைகள் இழுபட்டன. மாக்ரெட் முதலில் போனாள், மற்றவர்கள் பின்னால். றேமண்டும் எழும்பினார். கொன்ஸ்ரன்ஸ் வாசலை மறித்து நின்றாள்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை. என்னையும் பிடிச்சு வைச்சாங்களெண்டால்?"

இரண்டு நாளில் அவள் கேட்ட முதல் உண்மையான பேச்சு. அதற்காகக் கோபம் தணிந்துவிடவில்லை.

"எனக்கும் பயந்தான். போய் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்கோ."

ஸ்டேஷனில் றேமண்டின் சிங்களம் நடுங்கியது. சார்ஜன்ட் நிமிராமலே, "நல்லாத் தெரியுமா?" என்று கேட்டான். இவன் என் வீட்டில் குடியிருப்பவன்தான் என்று றேமண்ட் இந்தமுறை உரத்துச் சொன்னார்.

வெயில் சாயும் நேரம் ஹியூபேட் வெளியே வந்தான். சேர்ட்டில் ஒரு பொத்தானும் இல்லை, கன்னம் வீங்கியிருந்தது. கொன்ஸ்ரன்ஸ் அவனுடைய சேர்ட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்து ஒரு கையால் பொத்திப் பிடித்தபடியே தெருவுக்கு நடத்திக்கொண்டு போனாள்.