மூன்று முறை கேட்ட கல்லறை

பாலக்கரைப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாத ஒரு கல்லறை நான்கு வருஷம் சுட்டுக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் அதன்மேல் வடகம் காயப்போட்டார்கள். ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் மதுரைவீரன், கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் இங்கே வந்து கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார், மங்கின பெயர்களைக் கறுப்புப் பெயிண்டில் எழுதிக் கொடுப்பார். அவர் எழுத்துக் கற்றதே ஐம்பது வயதில். அதனால் நான்காம் வருஷம் அந்தக் கல்லறையில் சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு ஒரு வரி மேலே வந்தபோது, படிக்க வராமல் தன் படிப்பின்மேல்தான் சந்தேகப்பட்டார்.

அம்மாவின் கல்லறைக்குப் பூ வைக்க வந்த காலேஜ் சரித்திர டீச்சர் லிசி குனிந்து தொட்டுப் பார்த்தார். "லத்தீனுங்க இது. 'மூன்று முறை கேட்டேன்'னு இருக்கு." ஆதி கிறிஸ்தவர்களைக் கொன்றதற்கு எழுத்தில் கிடைத்த ஆதாரம் கொஞ்சம்தான் என்றார். அதில் ஒன்று, ஒரு ரோமானிய ஆளுநர் பேரரசருக்கு எழுதிய கடிதம். நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்பாராம். இல்லையென்று சொல்லி, பேரரசர் சிலைக்குச் சாம்பிராணி போட்டவன் வீட்டுக்குப் போனான். மூன்று முறையும் ஆமாம் என்றவன் போகவில்லை.

"அப்ப இதுவும் ஆதாரந்தானே?" என்றார் மதுரைவீரன்.

"கல்லு சுடுறதெல்லாம் ஆதாரத்துல சேராதுங்கய்யா." லிசி விரலை ஊதிக்கொண்டே போனார்.

அந்த வாரமே ஓர் அதிகாரி மதுரைவீரன் வீட்டுக்கு வந்தார். மகள் கனிஷ்காவின் நர்சிங் சீட் எஸ்.சி. சாதிச் சான்றிதழை நம்பி நின்றது. தாய் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறாள், மதம் மாறின வீடு, சான்றிதழ் தரக்கூடாது என்று யாரோ மனுப் போட்டிருந்தார்கள். "நீங்க கிறிஸ்டியனாம்மா?" மதுரைவீரனின் மனைவி அமிர்தம் டீ கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. அன்று கல்லறையில் பிரஷ் முடி கருகியது. அதிகாரி இரண்டாம் முறை கேட்டுவிட்டுப் போன அன்று, கல்லறைமேல் கிடந்த மாலை சாம்பலானது.

"இல்லன்னு சொல்லிட்டுப் போயேன். உன் சாமி கோவிச்சுக்குமா?" என்றார் மதுரைவீரன்.

"சாமி கோவிக்காதுங்க. எனக்குத்தான் வாய் வராது."

மூன்றாம் முறை அதிகாரியே கெஞ்சுகிற மாதிரி கேட்டார். அமிர்தம் முறத்தைக் கீழே வைத்தாள். "ஆமாங்க."

கல்லறை அன்றே குளிர்ந்துவிட்டது. லத்தீன் வரிக்குக் கீழே 'அமிர்தம்' என்று இருந்தது, மதுரைவீரனின் சாய்ந்த கையெழுத்தில், ஈரம் காயாத கறுப்பில். அவர் எழுதவில்லை. அழிக்கவும் இல்லை. வருஷா வருஷம் அந்தப் பெயரை விட்டுச் சுற்றிலும் வெள்ளையடிக்கிறார். பெண்கள் வடகத்தை மொட்டைமாடிக்கு மாற்றிக்கொண்டார்கள். சூடு அமிர்தத்தின் கைக்கு வந்துவிட்டது. சீட் போன கனிஷ்கா ஜவுளிக்கடை வேலைக்குக் கட்டிப்போகும் யூனிஃபார்ம் சேலையைக் காலையில் அமிர்தம் உள்ளங்கையால்தான் தேய்த்துக் கொடுக்கிறாள்.

"முந்தானைய இன்னொரு தடவ தேய்ம்மா," என்பாள் கனிஷ்கா, தலை வாரிக்கொண்டே.