ஹெரால்ட் சர்மாவின் வீரமரணம்

கொச்சித் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கோப்புகளுக்கு நடுவே இருந்து ஓய்வுபெற்ற சிவராமகிருஷ்ணனுக்கு மட்டாஞ்சேரியில் இரண்டு பெயர்கள் இருந்தன. அவரே வைத்துக்கொண்டது ‘விமானப்படை வரலாற்று ஆராய்ச்சியாளர்’. ஊர் வைத்தது ‘ப்ளேன் சாமி’.

அவர் ஆராய்ந்தது ஒரே ஒரு விமானத்தை. 1944இல் வில்லிங்டன் தீவிலிருந்து கிளம்பிய வெள்ளைக்கார விமானம் அது. ஓட்டியவர் ஹெரால்ட் பிஞ்ச். பழைய காகிதம் ஒன்றில் ‘விமானம் திரும்பவில்லை’ என்று மட்டும் இருந்தது. விமானம் திரும்பாதபோது ஆள் மட்டும் எப்படித் திரும்புவான் என்று சிவராமகிருஷ்ணன் அங்கேயே அவரைக் கொன்றுவிட்டார். அந்த ஒரு வரி ஒன்பது ஆண்டுகளில் நூற்றுநாற்பது பக்கமாயிற்று.

பாதிப் பக்கங்கள் தோணிக்கார அப்புவின் உபயம். சம்பவத்தை நேரில் கண்ட ஒரே சாட்சி அவன்தான். டீக்கடையில் வாங்கித் தந்த முதல் சாயாவுக்கு ஒரு விமானம் கடலில் விழுந்தது. இரண்டாம் சாயாவுக்கு அதை ஒரு ஜப்பான் விமானம் துரத்தி வந்தது. பரிப்புவடையும் வாங்கிக் கொடுத்த அன்று ஜப்பான் விமானங்கள் மூன்றாயின. ஹெரால்ட் கடைசி நேரத்தில் கொச்சியை நோக்கி ஒரு சல்யூட் வேறு அடித்தார்.

அந்த சல்யூட்டில் சிவராமகிருஷ்ணன் உருகிப்போனார். எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லாத ஆத்மா அல்லவா? மஹாளய அமாவாசையில் தன் அப்பா தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்த கையோடு, கோத்திரம் தெரியாதவருக்கு வழக்கப்படி காசியப கோத்திரம் கொடுத்து, ‘ஹெரால்ட் சர்மா’ என்று சொல்லி அவருக்கும் விட்டார். ஐந்து வருஷமாக நடக்கிறது.

1979இல் மட்டாஞ்சேரி சரித்திர மன்றம் அவருக்கு ‘சரித்திர சிரோமணி’ பட்டமும் பட்டுச் சால்வையும் தருவதாக அறிவித்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பதவி உயர்வுகூடக் காணாத தோள் அந்தச் சால்வைக்காகத் தினவெடுத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை விழா. வியாழக்கிழமை இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

‘அன்புள்ள ஐயா, காலஞ்சென்ற ஹெரால்ட் பிஞ்சின் உறவினர்களைத் தேடி எங்கள் பழைய சிப்பாய்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தீர்கள். அவருக்கு மிக நெருங்கியவன் நான்தான். ஏனென்றால் நானே அவர். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பினேன். காயல் சேற்றில் இறங்கினேன். விமானம் புதைந்தது, ஒரு பூட்ஸும் போயிற்று. மேலதிகாரி கண்டபடி திட்டினார். இப்போது கோழி வளர்க்கிறேன்.’

அவர் தமிழில் சொல்லச் சொல்ல, மனைவி நீலாம்பாள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள்.

“ஏன்னா, உசிரோட இருக்கற மனுஷனுக்கா அஞ்சு வருஷமா எள்ளும் தண்ணியும் விட்டேள்?”

“மெல்லப் பேசேன்டீ. ஞாயித்துக்கிழமை கழியட்டும். சால்வையை வாங்கிண்டு அப்புறமாச் சொல்லிக்கலாம்.”

“அன்னிக்கு ரெண்டு நிமிஷம் மௌனம் உண்டுன்னு நோட்டீஸ்லே போட்டிருக்கே! அத்தனை பேரும் எழுந்து நின்னுண்டு அந்தக் கோழிக்காரரை வழியனுப்பப் போறேளாக்கும்? அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் ஆர் தலையிலே?”

சிவராமகிருஷ்ணன் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். மூன்று நாளும் அது நெஞ்சில் கொத்திக்கொண்டே இருந்தது.

மன்றத் தலைவர் சங்கரலிங்கம் திருநெல்வேலிக்காரர், சுக்கு மொத்த வியாபாரி. மூட்டைகள் அடுக்கிய அவருடைய கிட்டங்கியின் மாடியில்தான் கூட்டம். சுக்கு நெடியில் வந்தவர்கள் எல்லாரும் தும்மினார்கள். சிவராமகிருஷ்ணன் ஒரு மணி நேரம் கட்டுரை படித்தார். சால்வை எதிரே தாம்பாளத்தில் இருந்தது. ஜரிகை நாலு விரல் அகலம்.

“வீரமரணம் அடைஞ்ச பிஞ்சு துரைக்கு மௌன அஞ்சலி. எல்லாரும் எந்திரிங்க” என்றார் சங்கரலிங்கம்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. நீலாம்பாள் மட்டும் எழவில்லை. கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

“உக்காருங்கோ, உக்காருங்கோ! அவர் சாகலை!” என்று கத்திவிட்டார் சிவராமகிருஷ்ணன். கடிதத்தை எடுத்து முழுவதும் படித்தும் காட்டினார்.

முதலில் கொதித்தவன் அப்பு. “அதெங்ஙனெ சாமி? ஞான் ரெண்டு கண்ணாலெ கண்டதாக்கும். மரிச்சு. நல்லா மரிச்சு!” ஒன்பது வருஷத்துச் சாயா அவன் குரலில் தளும்பியது.

சங்கரலிங்கம் கையமர்த்தினார். “சாமி, கடுதாசி யாரு வேணும்னாலும் எழுதலாம்லா? அப்பு கண்ணால பாத்தவன். மாலையும் கட்டியாச்சு. இப்பப் போயி ஆளு உசிரோட இருக்காருன்னா மன்றத்துக்கு என்ன மரியாத? ஓட்டுக்கு விட்டுருவோம். பிஞ்சு துரை செத்துட்டாருங்கிறவங்க கையத் தூக்குங்க.”

பதினொரு கைகள் உயர்ந்தன. அப்பு இரண்டு கையையும் தூக்கினான். ஒன்றுதான் செல்லும் என்று இறக்கச் சொன்னார்கள்.

“நீங்களும் தூக்குங்க சாமி. ஏகமனசாப் போயிரும். சிரோமணி நீங்கதான்” என்றார் சங்கரலிங்கம், சால்வையை விரித்தபடி.

சிவராமகிருஷ்ணன் ஜரிகையைப் பார்த்தார். கை கொஞ்சம் எழும்பவும் செய்தது. பாதி வழியில் அது திரும்பி, வியர்த்த நெற்றியைத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கியது.

“நான் மாட்டேன். அவர் இருக்கார்.”

சால்வை அப்புவின் தோளில் ஏறியது. பட்டமும் கூடவே போயிற்று. விட்ட இடத்திலிருந்து மௌனம் தொடரும் என்று தலைவர் அறிவித்தார். எல்லாரும் தலை குனிந்தார்கள்.

சிவராமகிருஷ்ணன் மேடையிலிருந்து இறங்கி வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. மௌனம் இருந்தால்தானே அஞ்சலி?

“நீலா!” என்றார், கிட்டங்கியே அதிரும்படி. “நாளைக்குச் சாதத்துக்கு என்ன கூட்டான்?”

அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. “இளவன்!” என்று பூசணிக்காயின் பேரை அதைவிட உரக்கக் கத்தினாள். “மோர் புளிச்சிருக்கு! காளன் வெச்சுடட்டுமா?”

“வை! பப்படம் உண்டா?”

“நாலு உண்டு!”

“சாமி, மௌனம்!” என்று அலறினார் சங்கரலிங்கம்.

தலைவரே பேசிவிட்ட பிறகு மௌனம் எங்கே? இரண்டு நிமிஷமும் தீர்கிற வரைக்கும் அவர்கள் பப்படத்தை விடவில்லை.