பாறையைச் சுற்றிப் போன ஞாயிறு

பத்தொன்பது வருஷம் கடலோரத்து ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளை வெளுத்தேன். அதன் கடற்கரையில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. வேலைக்காரர்களுக்குப் பின்வாசல்தான்.

வேலையை விட்டபின், எங்கள் தீவின் மீனவர் ஊரான டெனரியில் என் வீட்டு முன்னறையை வாடகைக்கு விட்டேன். பிப்ரவரியில் மாண்ட்ரியாலிலிருந்து ஓடில் என்ற வெள்ளைக்காரி தங்க வந்தாள். அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். "டாக்சிக்கெல்லாம் கட்டுப்படியாகாது இக்னேஷியா. நீங்க திங்கிறதத் திங்கிறேன், நீங்க போற பஸ்ல வர்றேன்" என்றாள். மூன்றே நாளில் சந்தை, மீனவர் துறை, அருவி எல்லாம் பார்த்துவிட்டோம்.

"குளிக்க நல்ல கடற்கரை எது?"

"அந்த ஓட்டல் கடற்கரைதான். ஆனா நான் அங்க குளிச்சதில்ல."

"அப்ப நாளைக்கு அங்கதான் போறோம்."

ஞாயிற்றுக்கிழமை சீமைப்பலாவும் கருவாடும் சமைத்து, பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு மினிபஸ் ஏறினோம். ஓட்டல் வாசலில் காவலுக்கு நின்றவன் எங்கள் தெருக்காரன் அல்சீட். வெள்ளைக்காரியைப் பார்த்ததும் கும்பிடாத குறையாகக் கதவைத் திறந்தான். எனக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

"அக்கா, நீங்க வேணாம். தங்கியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான்."

"அவ தங்கியிருக்கிறது என் வீட்டுலடா!"

ஓடில் குறுக்கிட்டாள். "இவங்க என்கூட வந்தவங்க."

"அப்படின்னா சரி மேடம், கூட்டிட்டுப் போங்க."

எனக்குச் சுருக்கென்றது. "நான் இவகூட வரல. இவதான் என்கூட வந்திருக்கா. என் ஊர்க் கடல்ல இறங்க இவ சிபாரிசு எதுக்கு?"

திரும்பி நடந்தேன். ஓடிலும் பின்னால் வந்தாள். பக்கத்து மீனவர் துறையில் இறங்கி, ஓட்டல் கடற்கரையை மறைத்து நின்ற கறுத்த பாறையைச் சுற்றிக் கடலுக்குள்ளேயே நடந்தோம். இடுப்பளவு தண்ணீர். பாத்திரம் என் தலையில். ஓடிலின் செருப்பில் ஒன்றை அலை கொண்டுபோனது. சிரித்துக்கொண்டே மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஓட்டலின் நீல நாற்காலிகளுக்கு எதிரே, ஈர மணலில் உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தேன். பளபளக்கும் பூட்ஸோடு மேனேஜர் ஓடிவந்தார்.

"இது தனியார் இடம்மா."

"நாற்காலி உங்களுது. மணல் ஊருக்குப் பொது. சட்டம் அப்படித்தான். வேணும்னா போலீஸக் கூப்பிடுங்க, சார்ஜென்ட் என் மச்சான் மகன்தான். வர்றப்ப ஒரு தட்டு கொண்டுவரச் சொல்லுங்க."

அவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் போய்விட்டார். எழுந்து கடலில் இறங்கினேன். தலை முழுக முழுகக் குளித்தேன்.

சாயங்காலம் முன்வாசல் வழியாகவே வெளியே வந்தோம். அல்சீட் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் பொழப்பு இதுதான், அக்கா."

"உம்மேல கோவமில்ல. அடுத்த வாரம் உன் பொண்டாட்டி புள்ளைங்கள எங்களோட அனுப்பு."

அடுத்த ஞாயிறு எங்கள் தெருவிலிருந்து பதினான்கு பேர் பஸ் ஏறினார்கள். ஓடிலுக்கு உட்கார இடமில்லை. நின்றுகொண்டே வந்தாள்.