ஏசுஅடிமை எங்கே?

கோலப்பன் என்று ஞானபாய் டீச்சர் கூப்பிட்டாள். பதில் இல்லை. பக்கத்துப் பிள்ளை எழுந்து நின்று, "அவன் அக்கானி காய்ச்சத் தீ எரிக்கான் டீச்சர்" என்றது. டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, ஆஜர் புத்தகத்தில் கோலப்பன் வந்ததாகக் கோடு போட்டாள். மாசி பிறந்த நாளிலிருந்து இதே கதைதான். பனையில் கலயம் கட்டியாயிற்று. அப்பன் பனையேறி அக்கானி என்கிற பதநீரை இறக்க, அம்மா கருப்பட்டிக்குக் காய்ச்ச, அடுப்புக்குச் சருகு தள்ள ஒரு ஆள் வேண்டுமே. இரண்டாம் வகுப்பில் பேர் முப்பத்திரண்டு, வந்து உட்கார்ந்தது இருபது. இருபத்தைந்துக்குக் கீழே போனால் வகுப்பை எடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கொட்டாரம் பள்ளிக்கு அனுப்பிவிடுவேன் என்று பள்ளி மானேஜர் சொல்லியிருந்தார். டீச்சரை வீட்டுக்கு அனுப்புவார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன. கொழும்புக்குப் போன புருஷன் யேசுதாசனிடமிருந்து இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. இந்த வேலையும் போனால் அவளுக்கு நிற்க நிழல் கிடையாது. அதனால்தான் கோடு போட்டாள். முதல் நாள் கை நடுங்கியது. நாலாம் நாள் நடுங்கவில்லை, அன்றைக்கு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதாள்.

வராத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். முந்தின வருஷம் முத்துக்கனி என்றொரு பிள்ளை ஐந்து நாள் வரவில்லை. வரவில்லை என்று தினமும் ஒழுங்காகக் குறித்ததோடு டீச்சருடைய கடமை முடிந்தது. ஆறாம் நாள்தான் தெரிந்தது, காலராவில் போன அந்தப் பிள்ளையைப் புதைத்தே மூன்று நாள் ஆகிவிட்டதென்று. ஒரு வகுப்பே பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒருவரும் தேடவில்லையே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையின் வீட்டை எட்டிப் பார்க்காமல் பள்ளிக்கு வராது. யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் அடுப்புப் பற்றவில்லை என்பதெல்லாம் மணி அடித்த கால்மணி நேரத்தில் வகுப்புக்குத் தெரிந்துவிடும். மத்தியானம் அந்த வீட்டுப் பிள்ளைக்கு எங்கிருந்தாவது பாதி மரச்சீனிக் கிழங்கு வந்துவிடும். தலைமையாசிரியர் சுயம்புலிங்கம் சார் கேலி செய்வார், உம்ம வகுப்புக்குப் படிப்பு வருதோ இல்லையோ ஊர்ப்புறணி நன்றாக வருகிறது என்று. டீச்சருக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ஒரு நாள் ஆஜர் எடுக்கும் முன்பே அதே சுயம்புலிங்கம் சார் வெளிறிய முகத்தோடு வாசலில் வந்து நின்றார். பள்ளி இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறாராம், கூடவே மானேஜரும். சாயா குடித்ததும் நேரே இந்த வகுப்புக்குத்தானாம். சொல்லிவிட்டு ஓடினார். இன்றைக்குப் பன்னிரண்டு பேர் வராததற்கு ஏதாவது காரணம் சொல்லலாம். ஆனால் பெயரைக் கூப்பிட்டதும் இந்தப் பிள்ளைகள் எழுந்து நின்று, மாசி ஒன்றாம் தேதியிலிருந்தே அவன் பனை விளையில்தான் கிடக்கிறான் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுமே. அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மக்களே, இண்ணைக்கு யாரு வரலேண்ணாலும், மண்டைக்காட்டுக் கொடைக்குப் போயிருக்காவண்ணு சொல்லணும். வேற ஒண்ணும் சொல்லப்பிடாது."

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்தன. மூன்றாம் பலகையில் அன்னக்கிளி எழுந்து நின்றாள்.

"அப்போ அவிய எங்கேண்ணு நாங்க தேடாண்டாமா டீச்சர்?"

இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்றாள் டீச்சர். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் சாதுவான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து, ஆஜர் எடுங்கள் என்றார். மானேஜர் கதவோரம் நின்றார். கோலப்பன் கொடைக்குப் போயிருந்தான். பகவதியம்மாளும் போயிருந்தாள். ஐந்தாறு பேர் போனதும் இன்ஸ்பெக்டர் சிரித்து, ஊரே காலியோ என்றார். டீச்சரும் சிரித்து வைத்தாள். தப்பிவிடுவோம் என்று அவளுக்கு ஒரு துளி நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையிலேயே அடுத்த பெயரையும் கூப்பிட்டாள். ஏசுஅடிமை.

அன்னக்கிளி எழுந்து, "மண்டைக்காட்டுக் கொடைக்குப் போயிருக்கான் டீச்சர்" என்றாள்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது சும்மாவா. ஏசுஅடிமை அவளுடைய வேதக்கோயில் பிள்ளை, அம்மன் கொடைக்குப் போகிறவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளுக்கு முன்னால்தான் அவனுடைய அம்மா அவனை இடுக்கிக்கொண்டு உட்காருவாள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதிலைக் கொடுத்தபோது அவன் ஞாபகமே அவளுக்கு வரவில்லை. இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்தினார். ஏசுஅடிமை கொடைக்கா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, ஆஜர் புத்தகத்தை வாங்கி அந்தப் பெயருக்கு நேரே விரலை ஓட்டினார். ஒரு நாள் விடாமல் கோடு இருந்தது. குனிந்து அன்னக்கிளியிடம், நேற்று இவன் வந்தானா என்று கேட்டார்.

அன்னக்கிளி டீச்சரைப் பார்த்தாள். பிறகு, "வந்தான் சார்" என்றாள்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலை போகட்டும், வகுப்பும் போகட்டும், இந்த ஏழு வயசுப் பிள்ளையின் வாயில் இதை வைத்துவிட்டேனே என்று நினைத்தாள் ஞானபாய். பலகைகளுக்கு நடுவே நடந்து வந்து அன்னக்கிளியின் முன்னால் நின்றாள்.

"மக்கா, உள்ளதச் சொல்லு. ஒண்ணும் பயப்படாண்டாம். ஏசுஅடிமை எங்க?"

தினமும் காலையில் கேட்கிற கேள்விதான். அன்னக்கிளி மானேஜரைப் பார்த்தாள், இன்ஸ்பெக்டரின் மடியில் விரிந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள், கடைசியில் டீச்சரின் கண்ணைப் பார்த்தாள். மெல்லக் கீழே உட்கார்ந்து, பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்கதான் இருந்தான் டீச்சர். நேத்தும் இருந்தான். அதுக்கு முந்துன நாளும் இருந்தான்."

அவள் கையை எடுக்கவில்லை. ஓர் ஆளை எழும்ப விடாமல் பிடித்து வைத்திருப்பதுபோல் அந்தப் பலகையை அழுத்திக்கொண்டிருந்தாள், விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன.