மூடி வைத்த முன்பதிவு

ஆன்லைன் கடையைத் தொடங்கியது பெரியவள்தான். தான் தைத்த தோள்பைகளைப் படம் பிடித்துப் போட்டு, ஆறு வருடமாக ஒற்றை ஆளாக நடத்தி வந்தாள். கொழுந்தனின் மனைவி சின்னவள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. வளர்ப்பு நாய், பூனையின் படத்தை அனுப்பினால் அதே சாயலில் துணிப்பொம்மை செய்துவிடுவாள். "நம்ம கடையிலயே போடேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னதும் பெரியவள்தான். அந்த வாயை இப்போது அவளே கடிந்துகொண்டாள்.

புதுத் தோள்பைக்கும் பொம்மைக்கும் ஒரே நாளில் முன்பதிவு திறந்தார்கள். மதியத்துக்குள் பொம்மைக்கு ஐம்பத்தெட்டு பேர். பைக்கு நான்கு பேர். அதிலும் ஒருத்தி அவளுடைய கூடப்பிறந்த அக்கா.

சின்னவளுக்குத் தைக்கத்தான் தெரியும்; ஆர்டர் கணக்கெல்லாம் பெரியவள் கையில். ஒவ்வொருவருக்கும் "உங்கள் பொம்மை ஆறு வாரத்தில் கிளம்பும்" என்று அவள்தான் பதில் போட வேண்டும். எந்த நாய்க்கு இடக்காது மடங்கியிருக்கிறது, எந்தப் பூனைக்கு வாலில் வெள்ளை என்று பட்டியலில் எழுத வேண்டும். "இதைச் செய்யும் கைகளுக்கு முத்தம்" என்று ஒருத்தி அனுப்பியிருந்ததைப் படித்தபோது பெரியவளுக்கு அடிவயிறு காந்தியது. ஆறு வருடத்தில் அவள் கைக்கு யார் முத்தம் கொடுத்தார்கள்?

மூன்றாம் நாள் காலை பட்டியல் எழுபத்தொன்றைத் தொட்டது. நூறு வரை எடுப்பதாகப் பேச்சு. பெரியவள் யாரிடமும் சொல்லாமல் பொம்மைப் பக்கத்தில் "முன்பதிவு முடிந்தது" என்று போட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சின்னவள் கேட்டாள். "புதுசா யாரும் வரலையாக்கா?"

"ஜனங்களுக்கு எல்லாம் ஒரு வாரம்தான். அப்புறம் அலுத்துடும்."

சின்னவள் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்க்க வேண்டும் என்றுதானே செய்தாள்? பார்த்தாள். இனிக்கத்தான் செய்தது.

"சரி விடுங்க. எனக்கு வேலை குறைஞ்சா உங்க பைகளுக்குக் கைப்பிடி தச்சுத் தரேன்" என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் தைத்த கைப்பிடியில் தையல் கோடு போட்ட மாதிரி போனது. பெரியவளுடையதைவிட நேராக. இனிப்பெல்லாம் போய்ப் பழைய காந்தல் இரு மடங்காகத் திரும்பியது.

பதினோராம் நாள் சின்னவள் கைப்பேசியோடு வந்து நின்றாள்.

"அக்கா, ஒருத்தங்க என் நம்பரைத் தேடிப் பிடிச்சு எழுதியிருக்காங்க. பூனைக்கு உடம்பு முடியலையாம், ரொம்ப நாள் இருக்காதாம். ‘முடிஞ்சுதுன்னு போட்டிருக்கீங்க, ஒரே ஒரு இடம் தர முடியாதா’ன்னு கேக்குறாங்க. யாருக்கா மூடினது?"

ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சின்னவள் அவளைச் சந்தேகப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான்."

"ஏன்?"

"வயித்தெரிச்சல். வேற என்னன்னு சொல்ல?"

சின்னவள் கத்தவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனேக்கா" என்றாள். பிறகு, "பாஸ்வேர்டைக் குடுங்க. இனி என் ஆர்டரை நானே பாத்துக்கிறேன்."

கொடுத்தாள். பக்கம் அன்றே மறுபடி திறந்தது. மூடியிருந்த எட்டு நாளில் எழுதிக் கேட்டுப் பதில் கிடைக்காத பத்தொன்பது பேருக்கும் பெரியவளே மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பதிமூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

இப்போது இருவருக்கும் தனித்தனி மேசை. வேலை விஷயம் தவிர ஒரு மாதம் பேச்சில்லை. சின்னவள் இரண்டு பார்சலில் முகவரியை மாற்றி ஒட்டியபோது பெரியவளுக்கு மனசு குளிர்ந்தது. எழுந்து போய்ச் சரிபார்க்கும் விதத்தைச் சொல்லிக் கொடுக்கவும் செய்தாள். இரண்டும் நிஜம்.

மறுபடி திறந்த பிறகு வந்த ஆர்டர்களில் உடம்பு முடியாத பூனையின் பொம்மைதான் முதலில் தயாரானது. "இதை நீங்க பேக் பண்ணுங்கக்கா. உங்க கட்டு பிரியாது" என்று சின்னவள் அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பெரியவள் அதைக் கையில் எடுத்துக் காது, மீசை, வால், அடிவயிற்றுத் தையல் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு குறையாவது அகப்படும் என்று வெகுநேரம் தேடினாள். அகப்படவில்லை. பெட்டியை எடுத்து வந்து, அது நசுங்காதபடி நான்கு பக்கமும் காகிதம் திணிக்க ஆரம்பித்தாள்.